ஆடுகளமும் அடுக்களையும்

பந்தாட்டம் பார்க்கக் கூடுகிற ஜனங்களை எப்படிப்பட்ட இடத்தில் உட்கார வைப்பது என்பது ஒரு கேள்வி. உட்கார்ந்தவர்கள் அங்கே எதைத் தின்பது என்பது மற்றொரு கேள்வி. முதலாவது பொறியியல் நிபுணர்களுக்கும் நகரசபைகளுக்கும் உரியது என்றும், இரண்டாவது வெறும் நாக்கின் சபலத்தைச் சேர்ந்தது என்றும் பிரித்துப் பேசுவதே வழக்கமாகிவிட்டது. ஆனால், சென்ற நாற்பது ஆண்டுகளில் உலகத்தின் பழைய கால்பந்துக் களங்கள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு, அவை இருந்த இடத்தில் கண்ணாடி மாடங்களும் குளிர்சாதன அறைகளும் மெத்தை நாற்காலிகளும் கொண்ட மாளிகை அரங்குகள் எழுந்த வரலாற்றைச் சற்றே நிதானமாக நோக்குகிறவர்களுக்கு, கட்டடம் மாறிய இடங்களிலெல்லாம் தீனியும் மாறியிருப்பதும், தீனி மாறிய இடங்களில் அங்கே கூடுகிற ஜனங்களின் அந்தஸ்தும் மாறியிருப்பதும் புலப்படாமற் போகாது. ஆகவே இவ்விரு கேள்விகளையும் ஒன்றாகச் சேர்த்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்த ஆராய்ச்சிக்குக் காஞ்சீபுரத்தை நிலைக்களமாகக் கொள்வது சிலருக்கு விசித்திரமாகத் தோன்றக்கூடும். பட்டுக்கும் கோயிலுக்கும் பெயர்போன இந்த ஊர் கால்பந்துக்குப் பெயர்போனதன்று. மாவட்ட விளையாட்டரங்கு ஒன்று உண்டு, மாலை வேளைகளில் பிள்ளைகள் பந்து உதைப்பதும் உண்டு, அவ்வளவே. ஆயினும், பெருந்திரளான ஜனங்களை ஓரிடத்தில் கூட்டி, நிற்க இடமும் பார்க்கக் காட்சியும் உண்ணப் பிரசாதமும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவைக்கும் கலையில் இந்த ஊருக்குள்ள அனுபவம் எந்தக் கால்பந்துச் சங்கத்துக்கும் இல்லை. வைகாசிப் பிரம்மோற்சவத்தில் வரதராஜப் பெருமாள் கருட வாகனத்தில் எழுந்தருளும் நாளில் வீதியே அரங்கம். திண்ணையும் மாடியும் மண்டபப் படியும் ஆசனங்கள். நீர்மோரும் பானகமும் வழிநெடுக வருகிறவர்க்கெல்லாம் உபசாரம். இன்று தொகுதிதோறும் சிறு விளையாட்டரங்குகள் கட்டத் துணிந்திருக்கும் தமிழ்நாடு, இத்தகைய ஊரிலிருந்து கற்றுக்கொள்ளக்கூடியது என்ன என்று கேட்பது பொருத்தமேயாகும்.

கூட்டத்துக்கென்று பிறந்த பண்டம்

வெளியூர்களில் காஞ்சீபுரம் இட்லி என்றும், உள்ளூரில் கோயில் இட்லி அல்லது குடலை இட்லி என்றும் வழங்குவது வரதராஜப் பெருமாளுக்கு நைவேத்தியமாகும் பண்டம். அரிசியையும் உளுந்தையும் ஊறவைத்து, ரவைப் பதத்துக்கு அரைத்து, இரவு முழுவதும் புளிக்கவிட்டு, மறுநாள் சுக்குப் பொடியும், ஒன்றிரண்டாக உடைத்த மிளகும், சீரகமும், பெருங்காயமும், கறிவேப்பிலையும், நெய்யும் சேர்த்துக் கலக்குவார்கள். மூங்கிலால் முடைந்த நீண்ட குடலையின் உட்புறத்தில் மந்தாரை இலைகளை இடைவெளி தெரியாமல் சுற்றிலும் அடுக்கி, மாவை ஊற்றி, பெரிய பாத்திரத்தில் நிறுத்தி, மணிக்கணக்காக ஆவியில் வேகவைப்பார்கள். வெந்து ஆறியபின் இலையை உரித்தால் ஏறக்குறைய ஒரு முழ நீளத்தில் உருண்டு திரண்ட இட்லி வெளிப்படும். அதன் மேனியில் இலை நரம்பின் தடம் பதிந்திருக்கும். அதைக் கத்தியால் வில்லை வில்லையாக அரிந்து கையில் கொடுப்பார்கள். தொட்டுக்கொள்ள மிளகாய்ப் பொடி இருந்தால் நல்லது; இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

இந்தப் பக்குவத்தை இவ்வளவு விரிவாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. தட்டு வேண்டாம், கரண்டி வேண்டாம், சாம்பார் வேண்டாம், உட்கார இடமும் வேண்டாம். நின்றபடியே, கண் சுவாமியின் மேல் இருக்க, ஒரு கையால் தின்று முடிக்கலாம். சுக்கும் மிளகும் சேர்ந்திருப்பதால் வயிற்றுக்கு உபத்திரவமில்லை. ஓரிரு நாள் கெடாதாகையால் தூரதேசத்து யாத்திரிகர் துணியில் முடிந்துகொண்டு போகலாம். ஒரே வேளையில் வேகவைத்து நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பங்கிடலாம். அதாவது, பெருங்கூட்டத்தின் நடுவே உண்ணத்தக்க உணவுக்கு என்னென்ன லக்ஷணங்கள் வேண்டுமோ அத்தனையும் இந்தப் பண்டத்தில் பொருந்தியிருக்கின்றன.

உலகத்தின் பழைய ஆட்டக்களங்களில் வழங்கிய தீனிகளை இதனோடு வைத்துப் பார்த்தால் வியப்பான ஒற்றுமை தெரிகிறது. குளிர் மிகுந்த இங்கிலாந்தில் இறைச்சி பொதிந்த சூடான பை என்னும் பணியாரமும், ஜெர்மனியில் ரொட்டிக்குள் வைத்த சுட்ட இறைச்சிக் குழலும், பிரேசிலின் வடகிழக்கில் எண்ணெயில் பொரித்த காராமணி வடையும், சென்னையில் காகிதக் கூம்பில் விழும் தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டலும், யாழ்ப்பாணத்தில் சுருளில் மடித்துக் கொடுக்கும், கச்சான் எனப்படும் வறுத்த நிலக்கடலையும் எல்லாம் ஒரே விதிக்கு உட்பட்டவை. ஒரு கையால் தின்னத்தக்கவை. கூலிக்காரனின் சட்டைப்பைக்கு எட்டுபவை. மைதானத்துக்கு அண்டையிலேயே, அந்த ஊர்க்காரர்களாலேயே செய்யப்படுபவை. இவற்றை எந்த நிர்வாகமும் திட்டமிட்டு உண்டாக்கவில்லை. கூட்டமும் காலநிலையும் சேர்ந்து தாமே தேர்ந்தெடுத்துக்கொண்டன.

பழைய களங்களின் குணமும் குற்றமும்

பழைய ஆட்டக்களங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பழமையின் மோகத்தில் மயங்கிவிடுகிறார்கள். தொழிற்சாலைக்கும் வீட்டுக்கும் நடுவே, நடந்துபோகும் தூரத்தில், குறைந்த சீட்டுக்கு, தோளோடு தோள் உரசி நின்று பார்த்த காலத்தை அவர்கள் வர்ணிப்பதில் பொய்யில்லை. ரியோ டி ஜெனீரோவின் மரக்கானா அரங்கில் 1950 ஜூலை 16-ஆம் தேதி உருகுவே பிரேசிலை 2–1 என்று வென்றபோது ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் திரண்டிருந்தார்கள்; அவர்களில் ஏழை எளியவர்களும் ஏராளம். கல்கத்தாவின் சால்ட் லேக் அரங்கில் 1997 ஜூலையில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதியபோது வந்தவர்களின் தொகை 1,31,781. இத்தகைய கூட்டத்தை ஏற்கும் விசாலம் பழைய அமைப்புகளுக்கு இருந்தது.

ஆனால் அந்த விசாலத்துக்குக் கொடுத்த விலையை மறைப்பது நியாயமாகாது. 1985 மே 11-ஆம் தேதி இங்கிலாந்தில் பிராட்ஃபோர்ட் நகரத்தின் மரத்தாலான பழைய பார்வையாளர் மாடத்தில், பலகை இடுக்குகளின் கீழே பல ஆண்டுகளாகச் சேர்ந்துகிடந்த குப்பையில் பற்றிய தீ நான்கைந்து நிமிஷங்களில் மாடம் முழுவதையும் விழுங்கி 56 பேரைப் பலிகொண்டது. 1989 ஏப்ரல் 15-ஆம் தேதி ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ களத்தில், கம்பி வேலிக்கும் கூட்டத்துக்கும் இடையே நசுங்கியதன் விளைவாக 97 பேர் மாண்டார்கள். நம் நாட்டிலும் 1980 ஆகஸ்ட் 16-ஆம் தேதி கல்கத்தா ஈடன் கார்டனில் கால்பந்து பார்க்கச் சென்ற 16 பேர் உயிரோடு திரும்பவில்லை. மலப்புறம் ஜில்லாவில் ‘செவன்ஸ்’ எனப்படும் எழுவர் ஆட்டத்துக்காக மூங்கிலாலும் கமுகாலும் கட்டப்படும் தற்காலிக மாடங்கள் கேட்பதற்கு எவ்வளவு ரம்மியமாக இருந்தாலும், 2022 மார்ச்சில் அவற்றில் ஒன்று சரிந்து ஏராளமானோர் காயமுற்றதை மறக்கலாகாது. மூத்திர நாற்றமும், பெண்களுக்கு ஒதுங்க இடமின்மையும், மழைக்கு ஒதுங்கக் கூரையின்மையும் பழைய களங்களின் பாரம்பரியச் சொத்துகளாகவே இருந்தன. வீட்டுப் பெண்டிர் ஆட்டம் பார்க்க வருவதில்லை என்று குறைப்பட்டுக்கொண்டவர்கள், அவர்கள் வந்தால் எங்கே போவார்கள் என்று யோசித்ததில்லை.

எனவே, பழையது என்ற காரணத்தினாலேயே ஒன்று பாதுகாக்கத் தக்கதாகிவிடாது. ஹில்ஸ்பரோ விபத்துக்குப் பின் நீதிபதி டெய்லர் 1990-இல் அளித்த அறிக்கை, பெரிய களங்களிலெல்லாம் ஒவ்வொருவருக்கும் தனி ஆசனம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. இங்கிலாந்தில் புதிய அரங்குகளின் யுகம் அந்த அறிக்கையிலிருந்தே தொடங்கியது என்று சொன்னால் மிகையாகாது.

மாளிகை அரங்குகளின் வருகை

அதற்குப் பின் நிகழ்ந்தது வெறும் சீர்திருத்தத்தோடு நிற்கவில்லை. 1923-இல் திறந்த லண்டன் வெம்ப்ளி அரங்கு இடிக்கப்பட்டு, 2007-இல் 90,000 ஆசனங்களோடு புதிதாக எழுந்தது. அதிலே கழிப்பிடங்கள் மட்டும் 2,618 என்ற செய்தியைப் பரிகாசத்துக்குரியதாகக் கருதாமல், நாகரிகத்தின் அடையாளமாகவே கொள்ளவேண்டும். 1913 முதல் ஹைபரியில் ஆடிவந்த ஆர்சனல் சங்கம் 2006-இல் அறுபதாயிரம் பேர் கொள்ளும் புதிய அரங்குக்குக் குடிபோக, பழைய களத்தின் மாடங்கள் குடியிருப்புகளாயின. டாட்டன்ஹாம் சங்கம் 2019-இல் திறந்த அரங்கில் 65 மீட்டர் நீளமுள்ள மதுக்கூடமும், பீர் வடிக்கும் ஆலையும் உட்புறத்திலேயே அமைந்திருக்கின்றன. 1892 முதல் எவர்ட்டன் சங்கத்தின் வீடாக இருந்த குடிசன் பார்க்கிலிருந்து ஆண்கள் அணி 2025-இல் துறைமுகத்து ஓரத்திலுள்ள புதிய அரங்குக்குப் பெயர்ந்தது. மரக்கானாவிலோ, தரைமட்டத்தில் நின்று பார்க்கும் ஏழைகளின் பகுதி 2005-இல் மூடப்பட்டது. 2014 உலகக்கோப்பைக்காகப் புதுப்பித்த அரங்கில் எண்பதாயிரம் பேருக்குக்கூட இடமில்லை.

நம் தமிழ்நாட்டின் கதை சற்று வேறு விதமாகச் செல்கிறது. சென்னையில் இன்று ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கு நிற்கும் இடத்தில் முன்பு கார்ப்பரேஷன் ஸ்டேடியம் இருந்தது. 1956 ஜனவரியில் வினூ மன்கடும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் குவித்த கிரிக்கெட் டெஸ்ட் அங்கேதான் நடந்தது. 1993-இல் அந்த இடத்திலே ஏறக்குறைய நாற்பதாயிரம் பேர் கொள்ளும் புதிய அரங்கு எழுந்து, நேரு தங்கக்கோப்பைக் கால்பந்துப் போட்டி நிகழ்ந்தது. 2014 முதல் சென்னையின் எஃப்.சி. சங்கத்துக்கு அதுவே சொந்த மண்ணாயிற்று. ஓட்டப் பந்தயத் தடம் குறுக்கே கிடப்பதால் பந்து சற்றுத் தூரத்தில் தெரிகிறது என்ற குறையைத் தவிர, அதை மாளிகை அரங்கு என்று சொல்வதற்கில்லை. அது அரசாங்கம் கட்டிய பொது அரங்கு.

மாளிகை அரங்கின் லக்ஷணங்களை நம் கண்ணெதிரே காட்டுவது சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானம். 1916-இல் அமைந்த அந்த மைதானம் 2011 உலகக்கோப்பைக்காகப் புதுக்கூரைகளோடு மாற்றியமைக்கப்பட்டது. அப்பொழுது எழுந்த மூன்று மாடங்கள் அனுமதிச் சிக்கலால் 2012-க்குப் பின் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தன. 2023 மார்ச்சில் கலைஞர் பெயரிலான புதிய மாடமும் திறக்கப்பட்டது. பழைய சேப்பாக்கத்தில் ஐந்து நாள் ஆட்டம் பார்க்கப் போகிறவர், புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டு, கூஜாவில் தண்ணீரோடு போய், உச்சிவேளையில் பக்கத்து ஆசனத்துக்காரரோடு பங்கிட்டுச் சாப்பிடுவது சர்வ சாதாரணம். இன்று வாசலிலே சோதனை. கட்டுச்சோறு உள்ளே போகாது. தண்ணீர்ப் புட்டியும் போகாது. நாடெங்கும் இதே நிலை. 2023 உலகக்கோப்பையின்போது பார்வையாளர்களுக்கு இலவசமாகத் தண்ணீர் தருவதாகக் கிரிக்கெட் வாரியம் அறிவித்ததே ஒரு சலுகையாகப் பேசப்பட்டது என்றால், தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பதைப் புண்ணியமாக எண்ணித் தெருத்தெருவாய்ப் பந்தல் வைத்த நாட்டில் நாம் எங்கே வந்து நிற்கிறோம் என்பதை யோசிக்கவேண்டும்.

தீனி வெளியேறும் வழி

புதிய அரங்கில் ஊர்ப் பண்டம் ஏன் நுழைவதில்லை என்று கேட்டால், சுகாதாரத்தையும் பாதுகாப்பையும் காரணமாகச் சொல்வது நிர்வாகங்களின் வழக்கம். இவை காரணங்களே; ஆனால் பிரதான காரணங்கள் அல்ல. பழைய களத்தில் நுழைவுச் சீட்டே வருமானம். வேலிக்கு வெளியே கடலை விற்பவனைப் பற்றிச் சங்கத்துக்குக் கவலையில்லை. புதிய அரங்கைக் கட்டக் கோடிகோடியாகக் கடன் வாங்குகிறார்கள். அந்தக் கடனை அடைக்க, அரங்கின் பெயர் முதல் தண்ணீர்ப் புட்டி வரையில் ஒவ்வொன்றையும் ஏலம் விட வேண்டியிருக்கிறது. உணவு விற்கும் உரிமை முழுவதையும் ஒரே கம்பெனிக்குக் குத்தகைக்கு விடுவதே நிர்வாகத்துக்குச் சுலபம். குத்தகைக்காரருக்கோ எல்லா ஊரிலும் ஒரே மாதிரியாகச் செய்து, உறையிலிட்டு, சூடாக்கி விற்கக்கூடிய பண்டமே லாபம். ஆகையால் சுண்டல்காரர் மதிலுக்கு வெளியே நிற்கிறார். உள்ளே சோளப்பொரியும் நூடுல்ஸும் சுண்டலைப்போலப் பல மடங்கு விலைக்குப் போகின்றன. விலை ஏறியபின், நாலு பிள்ளைகளோடு வரும் குடும்பஸ்தர் சீட்டை வாங்கினாலும் பசியோடு திரும்புகிறார். அடுத்த ஆட்டத்துக்கு அவர் வருவதில்லை. அவர் விட்டுப்போன இடத்தை நிரப்ப, கண்ணாடி மாடத்தில் விருந்துண்டபடி ஆட்டத்தை அரைக்கண்ணால் பார்க்கிறவர்கள் வந்து சேர்கிறார்கள்.

இதற்கு விதியை நொந்துகொள்ள வேண்டியதில்லை என்பதற்கு உலகத்திலேயே சாக்ஷிகள் இருக்கின்றன. அமெரிக்காவின் அட்லாண்டா நகரத்தில் 2017-இல் திறந்த பெரும் அரங்கு சொகுசில் எதற்கும் குறைந்ததன்று. அங்கே கால்பந்தும் ஆடுகிறார்கள். ஆயினும் அதன் நிர்வாகம் சாதாரணப் பண்டங்களின் விலையைப் பாதியளவு குறைத்து, இரண்டு டாலருக்கு ஒரு ‘ஹாட் டாக்’ என்று வைத்தது. பழைய அரங்கின் கடைசிப் பருவத்தைவிட ஆளொன்றுக்குச் செலவு 16 சதவீதம் கூடியதே அதன் விளைவு. ஜெர்மனியின் டோர்ட்முண்டில் அரங்கு நவீனமாக வளர்ந்தபோதும், ஏறக்குறைய 25,000 பேர் நின்று பார்க்கும் தெற்கு மாடத்தைக் குறைந்த கட்டணத்தோடு காத்துவருகிறார்கள். அங்கே நிகழ்வதைக் கண்ட இங்கிலாந்தும், 2022 முதல், கம்பிப் பிடியோடு பத்திரமாக நின்று பார்க்கும் இடங்களை மறுபடியும் அனுமதித்திருக்கிறது.

காராமணி வடையின் வெற்றி

நம் விஷயத்துக்கு மிகவும் நெருங்கிய திருஷ்டாந்தம் பிரேசில் தேசத்தில் கிடைக்கிறது. சால்வடோர் நகரத்து ஃபோன்டே நோவா அரங்கு 1951-இல் திறந்தது. 2007 நவம்பரில் அதன் மேல்மாடத்தின் ஒரு பகுதி இற்று விழுந்து ஏழு பேர் மாண்டனர். 2010-இல் அதை இடித்துத் தள்ளி, 2013-இல் உலகக்கோப்பைக்கென்று புதிய அரங்கைக் கட்டினார்கள். பழைய அரங்கின் வாசலிலே வெள்ளை உடையும் தலைப்பாகையும் அணிந்த பெண்கள் உட்கார்ந்து, அகரஜே என்னும் வடையைச் சுட்டு விற்பது நெடுநாளைய வழக்கம். காராமணியை ஊறவைத்துத் தோல் நீக்கி, வெங்காயத்தோடும் உப்போடும் அரைத்து, செம்பனை எண்ணெயில் பொரித்து, நடுவே பிளந்து, உலர்ந்த இறாலும் காரமும் வைத்துக் கொடுப்பார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்த பண்டம் அது. அவர்களுடைய தெய்வங்களுக்கு நைவேத்தியமாவதும் அதுவே. அந்தப் பெண்களின் தொழிலை 2005-இல் பிரேசில் அரசாங்கம் தேசியப் பண்பாட்டுச் செல்வமாகப் பதிவு செய்திருந்தது.

ஆனால் உலகக் கால்பந்து சம்மேளனத்தின் விதிப்படி, அரங்கைச் சுற்றி, பணம் கட்டிய கம்பெனிகளைத் தவிர வேறு யாரும் விற்கலாகாது. அந்தப் பெண்கள் விதியைக் கேட்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. சங்கமாகச் சேர்ந்து, ஆயிரக்கணக்கானோரின் கையொப்பம் பெற்று, வடை நிறைந்த கூடைகளோடு புதிய அரங்கின் வாசலிலேயே கிளர்ச்சி செய்தார்கள். கடைசியில் சம்மேளனம் இணங்கி அவர்களுக்கு இடம் ஒதுக்கியது. இந்த நிகழ்ச்சியில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இற்று விழுந்த பழைய அரங்கைக் காப்பாற்றுங்கள் என்று அந்தப் பெண்கள் கேட்கவில்லை. புதிய அரங்கு வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எங்கள் இடத்தை எங்களுக்குக் கொடுங்கள் என்றுதான் கேட்டார்கள். இந்தக் கட்டுரை சுற்றி வந்து சொல்ல நினைப்பதை அவர்கள் ஒரே கோரிக்கையில் சொல்லிவிட்டார்கள்.

ஊர்ப் பண்டம் ஆட்டத்தோடு எவ்வளவு ஆழமாகப் பின்னிக்கொள்ளும் என்பதற்குக் கல்கத்தாவே போதும். 1911-இல் வெள்ளைக்காரப் பட்டாளத்து அணியைப் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி வென்ற மோகன் பகான் ஜெயித்தால் அந்த ரசிகர் வீட்டில் இறால். 1920-இல் தோன்றிய ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் கிழக்கு வங்கத்துக்காரர் வீட்டில் ஹில்ஸா மீன். சால்ட் லேக் அரங்கு 2017-இல் நடந்த பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பைக்காகத் தனித்தனி ஆசனங்களோடு புதுப்பிக்கப்பட்டுச் சுருங்கிய பின்னும் அந்தக் கட்சிப் பிரிவு மாறவில்லை. லிவர்பூல் நகரத்து எவர்ட்டன் சங்கத்தார்க்கு ‘டாஃபி’ மிட்டாயே பட்டப்பெயராகி, ஆட்டத்துக்கு முன் பழங்கால உடையில் ஒரு பெண் மிட்டாய்களைக் கூட்டத்தில் இறைப்பது சம்பிரதாயமாயிற்று. நம் பக்கத்தில், ஹாக்கி ஆட்டத்துக்குப் பெயர்பெற்ற கோவில்பட்டியின் கடலை மிட்டாய் 2020-இல் புவிசார் குறியீடு பெற்றது. செயற்கைப் புல்தரையில் ஆடும் பிள்ளைகளுக்கும் அதே மிட்டாய்தான். யாழ்ப்பாணத்தில், யுத்தத்தில் சிதைந்த துரையப்பா விளையாட்டரங்கு இந்திய உதவியோடு புதுப்பிக்கப்பட்டு 2016 ஜூன் 18-ஆம் தேதி திறக்கப்பட்டது. ஆடம்பரமின்றி, ஊருக்கு வேண்டிய அளவில் ஓர் அரங்கை மீட்பது எப்படி என்பதற்கு அது தக்க உதாரணம்.

காஞ்சியின் இரண்டு பாடங்கள்

இனிக் காஞ்சிக்குத் திரும்புவோம். நாற்பது ஆண்டுகளுக்கு ஒரு முறை அனந்தசரஸ் திருக்குளத்திலிருந்து எழுந்தருளும் அத்திவரதரின் வைபவம் 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாட்கள் நடந்தது. வந்து சேவித்தவர்கள் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் என்பது அதிகாரிகளின் கணக்கு. உலகத்தின் எந்த அரங்கும் ஒரு பருவத்தில் காணாத கூட்டத்தை இந்தச் சிறிய ஊர் ஒன்றரை மாதத்தில் தாங்கியது. அன்னதானம் செய்தவர்கள் ஏராளம். வந்தவர் எவரும் பசியோடு திரும்பவேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஆனால் அதே வைபவத்தில் பிரமுகர்களுக்கென்று தனி அனுமதிச் சீட்டும் தனி வரிசையும் இருந்தன. பொது வரிசையில் முதியவர்கள் மணிக்கணக்காய் நின்றார்கள். நெரிசலில் உயிர்ச்சேதமும் நேர்ந்தது. சொகுசு மாடத்தின் நியாயமும் பொது மாடத்தின் துயரமும் கோயிலுக்குள்ளும் நுழைந்துவிடக்கூடியவை என்பதற்கு வேறு சாக்ஷி வேண்டியதில்லை. பழைய இடம் என்பதால் சமத்துவம் தானாக வந்துவிடாது. அதற்கும் விதி செய்து காவல் வைக்க வேண்டும்.

இரண்டாவது பாடம் அந்த ஊரின் இட்லியே கற்பிப்பது. நகரத்து ஹோட்டல்களில் காஞ்சீபுரம் இட்லி என்ற பெயரில் கிடைப்பது பெரும்பாலும் டம்ளரிலோ கிண்ணத்திலோ ஊற்றி வேகவைத்து, கடுகும் முந்திரியும் தாளித்த இட்லி. அது தின்ன நன்றாகவே இருக்கும். ஆனால் குடலையும் மந்தாரை இலையும் போனபின் மிஞ்சுவது பெயரும் மிளகும்தான். பட்டிலும் இதே அனுபவம் உண்டு. உடலையும் கரையையும் தனித்தனியே நெய்து கோர்வையாக இணைக்கும் கைத்தறிச் சேலைக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகும், விசைத்தறியில் ஓடிய போலிச் சேலைகள் ஊர்ப் பெயரைச் சுமந்து விலைபோகின்றன. நாளைக்கு ஓர் ஆடம்பர அரங்கில், உறைபோட்ட உருண்டை ஒன்றுக்குக் கோயில் இட்லி என்று பெயரிட்டு முந்நூறு ரூபாய்க்கு விற்கமாட்டார்கள் என்று யாரால் உறுதி சொல்ல முடியும்? ஊர்ப் பண்டத்தை அரங்குக்குள் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லும்போது, அதைச் செய்கிற கையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

செய்யத்தக்கன

சுகாதாரத்தைக் காரணம் காட்டுவோருக்குச் சட்டமே பதில் சொல்கிறது. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வகுத்த விதிகள், ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய்க்கு மேற்படாமல் வியாபாரம் செய்யும் சிறு கடைக்காரரை 100 ரூபாய் கட்டணத்தில் பதிவுசெய்துகொள்ள இடம் வைத்தன. கோயில் மடைப்பள்ளிகளுக்கே ‘போக்’ என்ற சுகாதாரச் சான்று வழங்கும் ஏற்பாடு நடைமுறையில் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கோயில்கள் பல அதைப் பெற்றிருக்கின்றன. 2014-ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டமோ, நகரந்தோறும் அமையும் விற்பனைக் குழுவில் ஐந்தில் இரண்டு பங்கு வியாபாரிகளே இருக்கவேண்டும் என்று விதிக்கிறது. ஆயிரமாயிரம் பேருக்கு இட்லி அவிக்கும் மடைப்பள்ளி சுத்தத்துக்குச் சான்று பெற முடியுமானால், ஆட்டத்துக்கு வருகிறவர்களுக்குச் சுண்டல் அவிக்கிற ஒருவரும் பெறமுடியும். சொல்லிக் கொடுக்கவும் சோதிக்கவும் ஆள் வேண்டும், அவ்வளவே.

இடம் ஒதுக்கும் முறைக்கும் முன்மாதிரி தேடி அயல்நாடு போகவேண்டாம். உற்சவ காலத்தில் சுவாமி புறப்பாடு மண்டபத்துக்கு மண்டபம் நின்று நின்று செல்வதும், அந்தந்த மண்டகப்படி அந்தந்தக் குலத்தாருக்கோ தொழிலாளருக்கோ வணிகருக்கோ பாத்தியமாக இருப்பதும், அன்றைய நைவேத்தியமும் விநியோகமும் அவர்கள் பொறுப்பாக இருப்பதும் நாம் அறிந்தவையே. ஏலத்தில் யார் அதிகம் கேட்டார்கள் என்பது அங்கே கேள்வியில்லை. இந்த ஊரில் அவருக்கு இடமுண்டு என்பதே உரிமை. மக்கள் பணத்தில் எழும் ஒவ்வோர் அரங்கிலும் இதே முறையில் சில கடைகளை, குறைந்த வாடகையில், அந்த ஊர்ப் பண்டத்தை அந்த ஊரிலேயே செய்கிறவர்களுக்கு எழுத்து மூலமாக ஒதுக்கிவைத்து, விலைக்கும் ஓர் உச்ச வரம்பு குறித்துவிட்டால், மற்றக் கடைகளை யாருக்குக் குத்தகைக்கு விட்டாலும் நமக்கு ஆக்ஷேபமில்லை.

இதுகாறும் கண்டவற்றால் நாம் அடையும் முடிவு இதுதான். பழைய களத்தின் இடிந்த சுவருக்காக அழுவது வீண். அந்தச் சுவர்கள் மனிதரைக் கொன்றிருக்கின்றன. புதிய அரங்கின் வசதியைப் பழிப்பதும் தவறு. கூரையும் கழிப்பிடமும் அகலமான வாசலும் எல்லாருக்கும் வேண்டியவை. பழையதிலிருந்து புதியதற்கு அவசியம் கொண்டுசெல்ல வேண்டியவை மூன்று: ஏழைக்கு எட்டும் சீட்டு, ஊர்க்காரர் செய்த உணவு, கேட்டவர்க்குத் தண்ணீர். இம்மூன்றும் வரைபடம் போடும் நாளிலேயே இடம்பெறாவிட்டால், கட்டடம் முடிந்த பிறகு எந்த மனுவாலும் அவற்றை உள்ளே கொண்டுவருவது அரிது. தங்கள் ஊரில் அரங்கு கட்டப் போகிறார்கள் என்று கேள்விப்படும் வாசகர்கள், எத்தனை ஆசனம் என்று விசாரிப்பதோடு நின்றுவிடாமல், உள்ளே யார் கடை வைப்பார்கள், என்ன விலைக்கு விற்பார்கள், குடிதண்ணீர்க் குழாய் எங்கே என்றும் நகரசபையைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.